கொஞ்சம் கூடுதல் ஒளி

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

பெட்டியைத் திறந்ததும் முதலில் குப்பியை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடு, பிறகு இதைப் படி. நீ எப்படியும் கடிதத்தைத்தான் முதலில் எடுத்திருப்பாய். போ, வைத்துவிட்டு வா.

வைத்தாயா? சரி. இங்கே எல்லோரும் நலம், உன் அண்ணனின் முழங்காலைத் தவிர. லிஃப்ட் நின்றுபோனால் மெக்கானிக் படியேறித்தான் மேலே போக வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன் எனக்குத் தோன்றவே இல்லை. போன வாரம் மட்டும் மூன்று முறை பதினோரு மாடி ஏறியிருக்கிறார். சாயங்காலம் வந்து காலை நீட்டினால் அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் அத்தனை பேரையும் பெயர் சொல்லாமல் திட்டுகிறார்.

போனில் பேசலாம்தான். ஆனால் நீ "அண்ணி" என்று ஆரம்பித்ததும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சாப்பிட்டாளா, தூங்கினாளா, தலைவலி விட்டதா என்று கேட்டு முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. நாம் இருவரும் பேசுவதற்கு இந்தக் குளிர்பெட்டிதான் தோது. எங்கள் கம்பெனியின் அனுப்பும் பிரிவுப் பெண் ஒரு ஜிப் உறை கொடுத்திருக்கிறாள், ஐஸ் பையின் ஈரம் கடிதத்தில் ஏறாது. காலிப் பெட்டியைக் கம்பெனி எப்படியும் திரும்பக் கேட்கும். உன் பதிலை அதற்குள் வைத்து அனுப்பு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ சொன்னாயே, "உங்க கம்பெனி சரக்கு மங்கல் அண்ணி, எங்க பழைய மைக்ராஸ்கோப்புல தேடித் தேடிக் கண்ணு போகுது" என்று, அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பத்தொன்பது வருடமாக ஆன்டிபாடிக்கு ஒளிர்சாயம் ஏற்றுகிறேன். என் சரக்கை மங்கல் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியே தீர வேண்டுமென்றால் அதற்கு ஒரு நாத்தனார்தான் வர வேண்டும் போலிருக்கிறது.

அப்படி என்னதான் செய்கிறீர்கள் இருவரும் என்று உன் அண்ணன் கேட்டார். நம் செல்களுக்குள் டி.என்.ஏ. என்ற நூல் ஹிஸ்டோன் என்ற உருளைகளில் சுற்றியிருக்கிறது, அந்த உருளைகளின் மேல் முத்திரை குத்திக்கொண்டு ஒரு நொதி அலைகிறது, எந்த இடத்து நூலைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்பது அந்த முத்திரையைப் பொறுத்தது என்று சொன்னேன். அந்த முத்திரைக்காரனை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி எங்களிடம் இருக்கிறது. அதன் மேல் நான் பச்சைச் சாயம் ஏற்றுகிறேன். உங்கள் தங்கை அதைச் செல்லில் விட்டு, பச்சை எங்கே தெரிகிறதோ அங்கே அவன் இருக்கிறான் என்று பார்க்கிறாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப போலீஸ் நாய் கழுத்துல நீ விளக்கு கட்டி விடுற. அது எங்க போய் நிக்குதுன்னு அவ பாக்குறா." இதைவிடச் சரியாக எங்கள் மேலாளருக்கே சொல்லத் தெரியாது.

ஆகவே இந்தக் குப்பி உனக்காகத் தனியாகச் செய்தது. ஒரு ஆன்டிபாடிக்கு நான்கு சாயத் துணுக்குகள் என்பது எங்கள் வழக்கம். உனக்குக் கை கொஞ்சம் தாராளமாக விழுந்திருக்கிறது. லேபிள் வழக்கமானதுதான், தயாரிப்புத் தொகுப்பின் லாட் எண்ணும் வழக்கமானதுதான். போட்டுப் பார்த்துவிட்டு, மங்கல் என்று இன்னொரு தடவை சொல், பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைத்தான் முதலில் எடுத்தேன். முதல் பத்தி படித்ததும் ஓடிப்போய்க் குப்பியை வைத்தேன். எட்டு மணி நேர விமானப் பயணத்துக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டும் என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கிறீர்கள்.

மங்கல் என்று சொன்ன வாயை மூடிக்கொண்டேன். அண்ணி, நான் பார்த்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

செல்லின் உட்கரு முழுவதும் லேசான பச்சை இருந்தது. அது எல்லோரும் பார்த்ததுதான். உட்கருவுக்குள் இன்னொரு சின்ன உருண்டை இருக்குமே, அது மட்டும் விளக்குப் போட்டதுபோல் எரிந்தது. ஒரு செல்லில் இல்லை, தட்டில் இருந்த எல்லாச் செல்களிலும். முத்திரைக்காரனுக்கு அந்த உருண்டைக்குள் என்ன வேலை? இதுவரை அவனை அங்கே யாரும் பார்த்ததில்லை. மங்கல் சரக்கை வைத்துக்கொண்டு எப்படிப் பார்த்திருப்பார்கள்?

எங்கள் ஆய்வகத் தலைவரைக் கூப்பிட்டேன். அந்த அம்மாவுக்குப் பாராட்டத் தெரியாது, அதிகபட்சம் திட்டாமல் இருப்பார். கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இன்னும் மூணு தட்டு போடு. வேற யார்கிட்டயும் இப்ப சொல்லாத" என்றார். மூன்று தட்டும் போட்டேன். மூன்றிலும் எரிந்தது.

இங்கே எனக்கு மூன்று வருடத் தற்காலிக வேலை என்பது உங்களுக்குத் தெரியும். ஜூலையில் ஒரு குழு கூடி, இவளை நிரந்தரமாக்கலாமா, வழியனுப்பி வைக்கலாமா என்று முடிவு செய்யும். போன வாரம்வரை அவர்களுக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடம் சொன்னால் அவருக்கு முழங்காலோடு நெஞ்சும் வலிக்கும். இப்போது காட்ட ஒன்று இருக்கிறது. கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பக்கத்து மேசையில் ஒருவர் இருக்கிறார். எதைக் காட்டினாலும் முகவாயைத் தடவிக்கொண்டு "அப்படியா?" என்பார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சந்தேகத்தார். அவருக்கும் படத்தைக் காட்டினேன். "அப்படியா?" என்றார். அது கிடக்கட்டும்.

உங்கள் கைக்கு ஒரு முத்தம்.

வாலு


பிப்ரவரி 20

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தை அனுப்பும் பிரிவிலேயே நின்று படித்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, "வீட்ல ஏதாவது விசேஷமா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அறைக்கு வந்து மேலாளரிடமும் சொன்னேன். என் நாத்தனார் யாரும் பார்க்காததைப் பார்த்திருக்கிறாள், எங்கள் சரக்கில் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நல்லது என்றார். அவர் ஒரு நாளில் பேசும் சொற்களில் பாதி அதுவே.

உன் அண்ணன் மூன்று வீட்டில் சொல்லிவிட்டார். ஹிஸ்டோன் என்ற சொல்லை மட்டும் வீட்டுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார், திருத்தப் போனால் கோபம் வருகிறது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். முத்திரைக்காரனே இல்லாத செல் இருக்குமே, அந்த நொதிக்கான மரபணுவை வெட்டி எடுத்த செல், அதில் இந்தக் குப்பியைப் போட்டுப் பார்த்தாயா? அங்கே இருட்டாக இருந்தால்தான் இங்கே தெரியும் ஒளி அவனுடையது என்று அடித்துச் சொல்ல முடியும். நீ பார்த்திருப்பாய். இருந்தாலும் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஜூலை விஷயத்தை உன் அண்ணனிடம் நானும் சொல்லவில்லை. ஆனால் இனிமேல் என்னிடமும் மறைக்காதே. எனக்கு முழங்கால் நன்றாகவே இருக்கிறது.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுத இவ்வளவு தாமதமானதற்குத் திட்டுங்கள். கட்டுரையை அனுப்பிவிட்டோம். சரிபார்த்த இருவரும் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இன்னும் ஒரு தடவை செய்து காட்டினால் வெளியிடலாமாம். ஜூலைக்கு முன் வந்துவிடும் என்று தலைவர் சொல்கிறார்.

நீங்கள் கேட்ட செல்லைப் பற்றி: அது குப்பியோடு வரும் உங்கள் கம்பெனித் தாளிலேயே இருக்கிறதே அண்ணி. நொதி இல்லாத செல்லில் சோதித்தோம், இருட்டாக இருந்தது என்று படத்தோடு போட்டிருக்கிறீர்கள், கீழே உங்கள் சுருக்கொப்பம்கூட இருக்கிறது. கட்டுரையில் அதையே ஆதாரமாகக் கொடுத்துவிட்டேன். சந்தேகத்தார் மட்டும் நச்சரிக்கிறார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் என் அண்ணி, அவர் கையெழுத்து எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சின்னச் சிக்கல். நீங்கள் அனுப்பிய குப்பி தீர்ந்துவிட்டது. ஆய்வகத்தில் வழக்கமான வழியில் வாங்கிய புதுக் குப்பியைப் போட்டேன். உட்கரு பச்சையாகத் தெரிகிறது, உருண்டை எரியவில்லை. பழைய மங்கல் கதைதான். மறுபடி செய்து காட்ட வேண்டிய நேரத்தில் இப்படியானால் என்ன செய்வது? எனக்கு அதே குப்பி வேண்டும் அண்ணி. அதே மாதிரி, அதே கையால், ஒன்றே ஒன்று. மே பத்தாம் தேதிக்குள் வந்தால் போதும்.

அண்ணனுக்கு முழங்காலுக்குப் பட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த பெட்டியில் வரும்.

வாலு


மே 3

வாலு,

இந்தக் கடிதம் பெட்டியில் வரவில்லை, தனித் தபாலில் வருகிறது. குப்பி வரவில்லை, வராது. உட்கார்ந்து படி.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ, பரவாயில்லை விடுங்கள் அண்ணி என்பாய், நானும் அழுதுவிட்டு விட்டுவிடுவேன். இது விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது என் வாக்குமூலம், நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

உன் குப்பியில் உருண்டை எரிந்தது, புதுக் குப்பியில் எரியவில்லை என்று படித்ததும் என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆன்டிபாடி. வித்தியாசம் நான் போட்ட சாயம் மட்டும்தான். வழக்கமாக நான்கு. உனக்கு நான் போட்டது ஒன்பது.

எந்தக் குப்பி செய்தாலும் ஒரு துளி எடுத்து வைப்பது எங்கள் அறை வழக்கம். உன் குப்பியின் துளியும் இருந்தது. நொதி இல்லாத செல்லைத் தட்டில் போட்டு, ஒரு பக்கம் வழக்கமான லாட், இன்னொரு பக்கம் உன்னுடையது விட்டேன். வழக்கமான பக்கம் இருட்டாக இருந்தது. உன் பக்கத்தில் உருண்டை எரிந்தது. முத்திரைக்காரனே இல்லாத செல்லில், வாலு. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் எரிந்தது.

சாயத்தைக் கூடுதலாக ஏற்றினால் ஆன்டிபாடி பிசுபிசுத்துப் போகும், தேடிப் போக வேண்டியவனை விட்டுவிட்டுக் கண்ட இடத்தில் ஒட்டும். இது எனக்குத் தெரியாததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான். ஒவ்வொரு லாட்டையும் நொதி இல்லாத செல்லில் சோதித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். உன் குப்பியைச் சோதிக்கவில்லை. நம் வீட்டுப் பெண்ணுக்குத்தானே என்று நினைத்தேன். பழைய லாட்டின் எண்ணையே ஒட்டி அனுப்பினேன். நீ ஆதாரமாகக் காட்டிய என் கையெழுத்து இந்தக் குப்பிக்குப் போட்டதே இல்லை.

ஊரில் உள்ள எல்லோருக்கும் ஒழுங்காகச் செய்கிறேன். பாசம் காட்டப் போய் உனக்கு மட்டும் கெடுத்துவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

படங்களையும் அளவுகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நாளைக் காலை மேலாளரிடம் சொல்லப்போகிறேன். கட்டுரையை நீ திரும்பப் பெற வேண்டும். ஜூலை எனக்கு நினைவிருக்கிறது. அதை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

அண்ணி


மே 16

சாய அறை மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

தங்கள் மே 3 தேதியிட்ட கடிதமும் இணைப்புகளும் கிடைத்தன.

தாங்கள் குறிப்பிடும் குப்பி இங்கே முழுவதும் தீர்ந்துவிட்டது. அதைப் போன்ற இன்னொன்று உலகில் யாரிடமும் இல்லை. ஆகவே எங்கள் முடிவைச் சரியென்றோ தவறென்றோ இனி யாரும் சோதித்துச் சொல்ல முடியாது. தங்களிடம் இருக்கும் மிச்சத் துளியைத் தாங்கள் கொட்டிவிட்டால், இந்த விஷயம் இத்துடன் முடிந்துவிடும். தங்கள் வேலைக்கும் பங்கம் வராது, என் வேலைக்கும் வராது. மேலாளரிடம் இதுவரை சொல்லவில்லையென்றால் சொல்ல வேண்டாம் என்றும், சொல்லியிருந்தால் அளவு எடுத்ததில் பிழை என்று திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒன்பது போடச் சொல்லி நான் கேட்டேனா அண்ணி? மங்கல் என்று சும்மா சொன்னேன். வீட்டில் சாம்பார் சப்பென்று இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னேன். அதற்கு என் மூன்று வருடத்தையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, மன்னித்துவிடு என்று ஒரு வரி எழுதுகிறீர்கள்.

இனிக் கடிதம் வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்


மே 28

வாடிக்கையாளர் அவர்களுக்கு, அதாவது என் வாலுவுக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய். நாத்தனார் சொல்லைத் தட்டாத அண்ணி என்று நான் எந்தக் காலத்தில் பெயர் வாங்கினேன்?

துளியைக் கொட்ட மாட்டேன். கொட்டவும் முடியாது, அது இப்போது மேலாளரின் பூட்டுப் போட்ட ஃபிரிட்ஜில் இருக்கிறது. மே நான்காம் தேதி காலையிலேயே சொல்லிவிட்டேன். முடியும் என்றாலும் கொட்டியிருக்க மாட்டேன். அந்த ஒளியை நம்பி இன்னொருத்தி இன்னொரு ஊரில் அவளுடைய மூன்று வருடத்தைப் போடுவாள். அவளுக்கும் ஒரு ஜூலை இருக்கும்.

கம்பெனியிலிருந்து உன் தலைவருக்கு முறைப்படி கடிதம் வரும். இந்த வாரமே போக வேண்டியது. மேலாளரிடம் கெஞ்சி ஜூன் பதினெட்டு வரை தள்ளிப்போட்டிருக்கிறேன். பத்தொன்பது வருடத்தில் அவரிடம் நான் கேட்ட ஒரே சலுகை அது. எனக்காகக் கேட்கவில்லை. நீயே முதலில் போய்ச் சொல்லத்தான் அந்த நாட்கள். கம்பெனி சொல்லித் தெரிவது வேறு, நீ சொல்லித் தெரிவது வேறு. சொல், வாலு. உனக்கு அந்தத் தைரியம் உண்டு.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டவில்லை. முழங்கால் பட்டை எப்போது வரும் என்று கேட்கிறார். தபாலில் தாமதம் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு மனசு வலிக்கிறது, அதையும் உன்னிடம்தானே சொல்ல முடியும்.

அண்ணி


ஆகஸ்ட் 17

அன்புள்ள வாலுவுக்கு,

நீ பதில் போடவில்லை, நான் நிறுத்தவில்லை. யார் ஜெயிக்கிறார்கள் பார்ப்போம்.

இப்போது நான் பெட்டி கட்டும் மேசையில் நிற்கிறேன். ஆறு மாதத்துக்குச் சாய அறைப் பக்கம் போகக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது கம்பெனியின் தீர்ப்பு. நியாயமான தீர்ப்புதான், வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொண்டேன். ஐஸ் பை அடுக்கி, ஒட்டுப்பட்டை போட்டு, முகவரி ஒட்டுகிறேன். முதல் வாரம் கை விறைத்தது. இப்போது அந்தப் பெண்ணைவிட வேகமாகக் கட்டுகிறேன், அவளுக்கு அதில் கொஞ்சம் பொறாமை.

உன் தலைவர் எங்கள் கடிதத்துக்கு ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார்: "இதை ஏற்கெனவே அறிவோம், கட்டுரை திரும்பப் பெறப்பட்டது." மேலாளர் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அப்படியென்றால் நீயே முதலில் போய்ச் சொல்லியிருக்கிறாய். அங்கேயே பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அது சந்தோஷ அழுகைதான்.

ஜூலையில் என்ன ஆயிற்று? உன் அண்ணன் போனில் கேட்டால், எல்லாம் சரி என்கிறாயாம். போனை என்னிடம் கொடுக்கவா என்று அவர் கேட்கும்போது அவசர வேலை வந்துவிடுகிறதாம். ஒரு நல்ல பெண்ணின் மூன்று வருடத்தைக் கெடுத்தவள் என்று தினமும் என்னையே திட்டிக்கொள்கிறேன். நீயும் வந்து திட்டினால் ஆளுக்குப் பாதியாகும்.

அன்புடன்,
அண்ணி


நவம்பர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

இதை ஐந்து மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிக் கிழித்தவற்றைச் சேர்த்திருந்தால் ஒரு பெட்டி நிறைந்திருக்கும். இன்று கிழிக்கப்போவதில்லை.

ஜூன் பதினோராம் தேதி தலைவரிடம் போய்ச் சொன்னேன். குப்பியில் சாயம் அதிகம், அந்த ஒளி பொய், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். உங்கள் படங்களைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. ஜூலையில் குழு கூடியது. என்னை நிரந்தரமாக்கினார்கள் அண்ணி. கண்டுபிடிப்பு போனாலும் பரவாயில்லை, இவ்வளவு நேர்மையான ஆள் எங்களுக்கு வேண்டும் என்று தலைவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். கை தட்டினார்கள். சந்தேகத்தார் மட்டும் தட்டவில்லை. முகவாயைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார்.

அவர் தட்டாததற்குக் காரணம் இருந்தது. நொதி இல்லாத செல்லை ஏப்ரலில் என் மேசையில் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். ஏப்ரல் பத்தாம் தேதி மதியம், உங்கள் குப்பியில் கடைசியாக இருந்ததை அந்தச் செல்லில் விட்டுப் பார்த்தேன். உருண்டை எரிந்தது. பளிச்சென்று எரிந்தது. ஒரு படம் எடுத்தேன், அதை அழித்தேன், தட்டைக் கழுவி வைத்தேன். அவர் கேட்டபோது, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்றேன்.

அதற்கு நான்கு நாள் கழித்துத்தான் உங்களுக்கு எழுதினேன். உங்கள் கையெழுத்துப் போதும் என்று எழுதினேன். அதே குப்பி ஒன்றே ஒன்று வேண்டும் என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று தெரிந்தே கேட்டேன். நீங்கள் கண்டுபிடித்து எழுதியபோது எனக்கு அது புதுச் செய்தி இல்லை. நீங்கள் தவறு செய்ததற்காக நான் கோபப்படவில்லை அண்ணி. ஒரே நாளில் நீங்கள் மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டீர்கள், எனக்கு முப்பது நாளிலும் வாய் வரவில்லை. அதற்குத்தான் உங்களை மேற்பார்வையாளர் அவர்களே என்று எழுதினேன்.

நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டு உங்களைத் திட்டிக்கொள்கிறீர்கள் என்று படித்தேன். படித்த பிறகும் இரண்டு மாதத்துக்கு மேல் நிரந்தர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

போன திங்கட்கிழமை தலைவர் அறைக்குப் போய் மீதியையும் சொன்னேன். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏன் இப்ப சொல்ற? யாருக்கும் தெரியாதே" என்றார். "எங்க அண்ணிக்குத் தெரியாது, அதான் மேடம்" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது, எனக்குப் புரிந்தது.

நிரந்தரத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஒரு வருடம் பார்ப்பார்கள். அந்த ஒரு வருடமும் நான் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் சந்தேகத்தார் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று முதல் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அப்படியா?" என்றார். முதல் தடவையாக எனக்கு அது பிடித்திருந்தது. பயமாக இல்லை அண்ணி. இந்த வருடம் நன்றாகவே வேலை செய்வேன், எனக்குத் தெரியும்.

டிசம்பர் நான்காம் தேதி பத்து நாள் விடுப்பில் வர நினைக்கிறேன். இதையெல்லாம் படித்த பிறகும் வரலாம் என்றால் சொல்லுங்கள். வேண்டாம் என்றால், அண்ணனிடம் விடுப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். இல்லை, அந்தப் பொய்யும் வேண்டாம். உண்மையையே சொல்கிறேன்.

வாலு


நவம்பர் 19

வாலு,

கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. ஆறு நாளும் பதில் எழுத உட்கார்ந்து எழுந்தேன். கோபம். சாதாரணக் கோபம் இல்லை.

நீ படத்தை அழித்ததற்குக் கோபம் இல்லை. நானும் லேபிளை மாற்றி ஒட்டியவள்தான், அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை. உன் வாழ்க்கையை நான் மட்டும்தான் கெடுத்தேன் என்று பெட்டி மேசையில் நின்று நான் கரைந்துகொண்டிருந்தேன். உனக்குத் தெரியும். தெரிந்தும் என்னை மாதக்கணக்கில் அப்படியே நிற்க வைத்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாக இருக்கும். இனி நமக்குள் அது வேண்டாம்.

சாய அறைக்கு அடுத்த வாரம் திரும்புகிறேன். கையெழுத்து உரிமையை மட்டும் ஜனவரிக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

உன் அண்ணனிடம் நீ வருகிறாய் என்று மட்டும் சொன்னேன். மற்றதை நீயே சொல், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல். எனக்கு இரண்டு நாளாவது உன்னை நேரில் திட்ட வேண்டும். மூன்றாவது நாள் எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது, ஆனால் பத்து நாள் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

விமானம் எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை. எழுது. அழைத்துப்போக நான்தான் வருவேன்.

அண்ணி